விண்டோஸ் 11 புதிதாகப் போடப் போகிறீர்களா? அழிக்கும் முன் ஒரு மாலை ஒதுக்குங்கள்

சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு உட்கார்ந்தேன். எட்டு மணிக்குள் முடிந்துவிடும் என்று கணக்கு. கணினி மறுபடி வேலைக்கு ஆனது திங்கட்கிழமை இரவு. இத்தனைக்கும் விண்டோஸ் போடும் வேலை மட்டும் பார்த்தால் 25 நிமிடம்தான் ஆனது. மீதி நேரமெல்லாம் எதில் போனது என்றால், வைஃபை வேலை செய்யவில்லை, கணக்கின் பாஸ்வேர்ட் ஞாபகமில்லை, பேக்கப் எடுத்ததாக நினைத்த ஒரு கோப்புறை பாதிதான் வந்திருந்தது. மூன்றையும் பழைய விண்டோஸ் ஓடிக்கொண்டிருந்தபோது பத்துப் பத்து நிமிடத்தில் சரிபார்த்திருக்கலாம். அழித்த பிறகு ஒவ்வொன்றுக்கும் அரை நாள்.

அதனால் இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல், டெலீட் அழுத்துவதற்கு முன்னால் செய்ய வேண்டியவைதான். நேராக பென் டிரைவ் பகுதிக்குப் போய்விடலாமே என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

1. உங்களுக்கு இது தேவைதானா?

கணினி கொஞ்சம் மந்தமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஃபார்மட் அடிக்க வேண்டாம். செட்டிங்ஸுக்குள் ரீசெட் என்ற வசதி இருக்கிறது. பென் டிரைவே இல்லாமல் விண்டோஸைப் புதுப்பித்துத் தரும். பல பேருக்கு அதுவே போதும். வைரஸ் புகுந்துவிட்டது, புது எஸ்எஸ்டி மாட்டியிருக்கிறீர்கள், பழைய விண்டோஸ் பூட்டே ஆகவில்லை (தொடங்கவே இல்லை), வேறொருவர் பயன்படுத்திய கணினி உங்கள் கைக்கு வந்திருக்கிறது, இப்படி ஏதாவது இருந்தால் பென் டிரைவிலிருந்து சுத்தமாகப் போடுவதுதான் சரி.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அதிலிருந்து 11-க்கு வருபவர்கள் முதலில் கணினி தாங்குமா என்று பாருங்கள். 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, செக்யூர் பூட் வசதியுள்ள யூஇஎஃப்ஐ (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளின் புதிய வகை) ஆகியவை வேண்டும். பிராசசர் இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தியதும், ரைசன் என்றால் பொதுவாக 2000 வரிசையும் அதற்குப் பிந்தியதும். மைக்ரோசாஃப்டின் ‘பிசி ஹெல்த் செக்’ செயலியை ஓட்டினால் அதுவே சொல்லிவிடும். 4 ஜிபி போதும் என்பது காகிதக் கணக்கு. 8 ஜிபிக்குக் குறைவாக இருந்தால் இந்த முயற்சிக்கு முன் ரேம் வாங்குவதைப் பற்றி யோசியுங்கள்.

டிபிஎம் இல்லை என்று வந்தால் உடனே மனம் தளர வேண்டாம். பல கணினிகளில் அது இருக்கும், ஆனால் பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் கணினியின் அமைப்புத் திரையில்) அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இன்டெல் கணினிகளில் பிடிடி என்ற பெயரிலும், ஏஎம்டி கணினிகளில் எஃப்டிபிஎம் என்ற பெயரிலும் தேடிப் பாருங்கள். உண்மையிலேயே இல்லை என்றால், சோதனையைத் தாண்டிப் போகும் குறுக்கு வழிகள் உண்டு. வேலைக்குப் பயன்படுத்தும் கணினியில் நான் அதைச் செய்ய மாட்டேன். அதற்குப் பதில் விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் மின்ட்டோ உபுண்டுவோ போடுவேன். இலவசம்தான், பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு முடிவு செய்யலாம். அப்படிப் போனாலும் கீழே உள்ள 3, 4 பகுதிகள் உங்களுக்கும் பொருந்தும்.

2. என்ன வேண்டும், என்ன செலவு, எவ்வளவு நேரம்?

8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பென் டிரைவ் ஒன்று. அதில் இருப்பது மொத்தமும் அழிந்துவிடும், ஆகவே காலியானதை எடுங்கள். டிரைவர்களுக்காக, அதாவது வைஃபை போன்ற பாகங்களை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்களுக்காக, இன்னொரு பென் டிரைவ். பேக்கப்புக்கு வெளி ஹார்ட் டிஸ்க். சார்ஜர். இன்டர்நெட் உள்ள போனும் அதன் யூஎஸ்பி கேபிளும். அப்புறம் ஒரு தாளும் பேனாவும். தாள் எதற்கு என்பது அடுத்த பகுதியில்.

செலவு என்று பார்த்தால் இந்தப் பொருள்கள்தான். ஏற்கெனவே முறையாக ஆக்டிவேட் ஆன விண்டோஸ் 10 அல்லது 11 இருந்த அதே கணினியில் அதே எடிஷனை (ஹோம், புரோ போன்ற வகையை) போட்டால் உரிமத்துக்கு மறுபடி பணம் கட்ட வேண்டாம். உரிமம் மதர்போர்டோடு சேர்த்துப் பதிவாகியிருக்கிறது, இணையத்தில் இணைந்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். இது தெரியாமல் அவசரத்தில் மலிவு விலைக்குப் புது கீ வாங்குபவர்கள் உண்டு. வாங்காதீர்கள். எஸ்எஸ்டியை மாற்றினால் உரிமம் போகாது, மதர்போர்டை மாற்றினால்தான் சிக்கல்.

நேரக் கணக்கு: விண்டோஸ் கோப்பு 5 ஜிபிக்கு மேல் இருக்கும், அது இறங்க உங்கள் இணைய வேகத்தைப் பொறுத்து நேரம் ஆகும். பென் டிரைவ் தயாராக அரை மணி நேரம். இன்ஸ்டால் ஆக எஸ்எஸ்டியில் அரை மணி நேரம், பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஒரு மணி நேரத்தையும் தாண்டலாம். பிறகு அப்டேட்டுகளுக்கு ஒன்றிரண்டு மணி நேரம். பேக்கப்தான் பெரிய செலவு. யூஎஸ்பி 2.0 துளையில் செருகினால் நடைமுறையில் நொடிக்குச் சுமார் 30 எம்பிதான் போகும். 200 ஜிபி நகலெடுக்க ஏறக்குறைய இரண்டு மணி நேரம். யூஎஸ்பி 3 துளை என்றால் அதில் மூன்றில் ஒரு பங்கில் முடியலாம். சின்னச் சின்னக் கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருந்தால் எந்தத் துளையாக இருந்தாலும் இழுக்கும்.

ஆகவே பேக்கப்பை வெள்ளிக்கிழமை இரவே முடித்துவிட்டு, மறுநாள் காலையில் இன்ஸ்டால் செய்யுங்கள். மறுநாள் கணினி கட்டாயம் வேண்டும் என்ற நிலையில் தொடங்கவே தொடங்காதீர்கள்.

3. சாவிகளைத் தாளில் எழுதுங்கள்

கோப்புகளை எல்லோரும் ஞாபகமாக எடுத்துவிடுவார்கள். தொலைவது பெரும்பாலும் சாவிகள்தான். இவற்றைக் கணினியிலேயே ஒரு நோட்பேடில் எழுதி வைத்துவிட்டு அதே கணினியை அழிக்கப் போகிறோம் என்பதால்தான் தாள் கேட்டேன்.

மைக்ரோசாஃப்ட் கணக்கின் பாஸ்வேர்ட் முதலாவது. நான் மாட்டிக்கொண்டது இதில்தான். மூன்று வருடமாக நான்கு இலக்க பின் போட்டுத்தான் உள்ளே போய்க்கொண்டிருந்தேன். பின் என்பது அந்தக் கணினிக்கு மட்டும் உரியது. அழித்ததும் அதுவும் போய்விடும். புது விண்டோஸ் கேட்பது கணக்கின் உண்மையான பாஸ்வேர்டை. என்னுடையது எனக்கே தெரியவில்லை. மீட்கலாம் என்று பார்த்தால், எப்போதோ விட்டுவிட்ட ஒரு மின்னஞ்சல் முகவரிக்குக் குறியீடு போயிற்று. அந்த மின்னஞ்சலின் பாஸ்வேர்ட் எங்கே இருந்தது? அழித்த கணினியின் பிரவுசரில். இப்போதே ஒரு போனில் அந்தக் கணக்குக்குள் பாஸ்வேர்ட் போட்டு நுழைந்து பாருங்கள். நுழைய முடிந்தால்தான் அடுத்த வேலை.

அடுத்தது பிட்லாக்கர் மீட்புச் சாவி. பிட்லாக்கர் என்பது டிஸ்க்கை யாரும் படிக்க முடியாதபடி பூட்டும் விண்டோஸ் வசதி. அதன் சாவி 48 இலக்க எண். உங்களுக்குத் தெரியாமலே உங்கள் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கலாம், ஏனென்றால் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்த பல மடிக்கணினிகளில் இது தானாகவே இயங்கிவிடும். சி டிரைவை எப்படியும் அழிக்கப் போகிறோமே, சாவி எதற்கு என்று கேட்கலாம். இரண்டு காரணம். பயாஸில் ஏதாவது அமைப்பை மாற்றிவிட்டுப் பழைய விண்டோஸுக்குத் திரும்பினால், அது இந்தச் சாவியைக் கேட்டு நிறுத்திவிடும். இரண்டாவது, டி டிரைவும் பூட்டப்பட்டிருந்தால், இதுவரை சி டிரைவில் இருந்த விண்டோஸ்தான் அதை நமக்காகத் திறந்து கொடுத்துக்கொண்டிருந்தது. சி போன பிறகு டி-யைத் திறக்க அதற்குரிய 48 இலக்கச் சாவிதான் வேண்டும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில், சாதனங்கள் பக்கத்தில் சாவி இருக்கும். எழுதிக்கொண்டு, ஒரு முறை இலக்கம் இலக்கமாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்ட்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. குரோமின் புரொஃபைல் கோப்புறையை அப்படியே நகலெடுத்தால் எல்லாம் வந்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். புக்மார்க்குகள் வரும், பாஸ்வேர்ட்கள் வராது. அவை பழைய விண்டோஸின் பயனர் கணக்கோடு சேர்த்துப் பூட்டப்பட்டவை. பிரவுசரை உங்கள் கணக்கோடு ஒத்திசைக்கும் சிங்க் வசதியை இயக்குங்கள். அல்லது பிரவுசரின் அமைப்பிலிருந்து பாஸ்வேர்ட்களை ஏற்றுமதி செய்து எடுங்கள். ஏற்றுமதியாகும் கோப்பு யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடிய வெறும் எழுத்துக் கோப்பு, ஆகவே புதிய விண்டோஸில் இறக்கியதும் அழித்துவிடுங்கள்.

இரண்டாம் அடுக்குக் குறியீடு தரும் செயலி உங்கள் கணினியில் இருந்தால் அதை முதலில் போனுக்கு மாற்றுங்கள். வைஃபை பாஸ்வேர்டையும் எழுதுங்கள், அது யாருக்குமே ஞாபகம் இருப்பதில்லை.

விலை கொடுத்து வாங்கிய மென்பொருள்கள் என்னென்ன, எந்த மின்னஞ்சலில் வாங்கியவை, கீ எங்கே என்று ஒரு பட்டியல். இத்தனை கணினிக்கு மட்டும் என்று வரம்பு உள்ள மென்பொருளை அழிக்கும் முன்பே டீஆக்டிவேட் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் பழைய கணினி ஒரு இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதை விடுவிக்க வாடிக்கையாளர் சேவைக்கு எழுதிக் காத்திருக்க வேண்டும்.

கடைசியாக, செட்டிங்ஸில் அபௌட் பக்கத்துக்குப் போய் இப்போது இருப்பது விண்டோஸ் ஹோமா, புரோவா என்று குறித்துக்கொள்ளுங்கள். புரோ உரிமம் உள்ள கணினியில் தவறி ஹோம் போட்டால் குழப்பம், ஹோம் உரிமத்தில் புரோ போட்டால் ஆக்டிவேட்டே ஆகாது.

4. கோப்புகளை எடுங்கள், எடுத்ததைத் திறந்தும் பாருங்கள்

டாக்குமென்ட்ஸ், படங்கள், டவுன்லோட்ஸ், டெஸ்க்டாப் ஆகியவற்றை எடுக்கச் சொல்லத் தேவையில்லை. மறந்துபோவது வேறு இடங்களில் இருப்பவை.

சி டிரைவின் யூசர்ஸ் கோப்புறைக்குள், உங்கள் பெயரின் கீழ், ஆப்டேட்டா என்று மறைந்திருக்கும் கோப்புறை ஒன்று உண்டு. பல மென்பொருள்கள் தம் அமைப்புகளையும், சில நேரம் தரவையும் அதில்தான் வைக்கின்றன. மறைந்த கோப்புகளைக் காட்டும் வசதியை இயக்கிவிட்டு அதையும் எடுங்கள். இடம் பிடிக்கும், பரவாயில்லை. கணக்குப் போடும் மென்பொருள் பயன்படுத்துபவர்கள் அந்த மென்பொருளுக்குள்ளேயே இருக்கும் பேக்கப் வசதியைப் பயன்படுத்துங்கள், தரவுக் கோப்புறையை மட்டும் இழுத்துப் போடுவதை நம்ப வேண்டாம். அவுட்லுக்கில் கணினியிலேயே மின்னஞ்சலைச் சேமித்து வைப்பவர்கள் பிஎஸ்டி கோப்புகளைத் தேடி எடுங்கள். விளையாட்டுகளின் சேமிப்பு, ஸ்டிக்கி நோட்ஸில் எழுதிய குறிப்புகள், இவையும் எப்போதும் தானாக வந்துவிடா.

எழுத்துருக்களை மறக்காதீர்கள். யூனிகோடுக்கு முந்தைய காலத்தில் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த ஆவணங்கள் உங்களிடம் இருந்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்தவர்கள்கூட உண்டு. விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் கோப்புறையிலிருந்து நீங்களாகச் சேர்த்தவற்றை எடுத்து வையுங்கள்.

ஒன்டிரைவ் பயன்படுத்துபவர்கள் கவனம். டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் உங்களுக்குத் தெரியாமலே ஒன்டிரைவுக்குள் போயிருக்கலாம். கோப்பின் பக்கத்தில் மேகக் குறி இருந்தால் அது உங்கள் டிஸ்க்கில் இல்லை, பெயர் மட்டும்தான் இங்கே இருக்கிறது. பச்சை டிக் இருந்தால் இங்கேயும் இருக்கிறது. ஒத்திசைவு நடுவில் நின்றுபோயிருந்தால், இங்கே இருப்பது அங்கே போய்ச் சேர்ந்திருக்காது. பிரவுசரில் ஒன்டிரைவைத் திறந்து நேற்று மாற்றிய கோப்பு அங்கே இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இப்போது சரிபார்ப்பு. என் பாதிக் கோப்புறை எப்படி நேர்ந்தது என்று சொல்கிறேன். நகலெடுக்கும்போது ஒரு கோப்பின் பாதை ரொம்ப நீளமாக இருக்கிறது என்று ஒரு பெட்டி வந்தது. கோப்புறைக்குள் கோப்புறையாகப் போய்ப் பாதையின் நீளம் 260 எழுத்துகளைத் தாண்டினால் விண்டோஸ் தடுமாறும். நான் ‘ஸ்கிப்’ அழுத்தினேன், எல்லாவற்றுக்கும் இதே என்ற கட்டத்திலும் டிக் போட்டேன். அதற்குப் பின் வந்த எத்தனையோ கோப்புகளை அது சத்தமில்லாமல் தாண்டிப் போயிருக்கிறது. ஆகவே நகலெடுத்து முடிந்ததும் மூலக் கோப்புறையிலும் நகலிலும் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் கோப்புகளின் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். எண்ணிக்கை ஒத்துப்போக வேண்டும். பிறகு வெளி டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகி, ஒரு படம், ஒரு வீடியோ, ஒரு வேர்ட் கோப்பு என்று அங்கங்கே திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பி நான் இனி எதையும் அழிப்பதாக இல்லை.

5. பென் டிரைவும் டிரைவர்களும்

மைக்ரோசாஃப்டின் தளத்திலிருந்து விண்டோஸ் 11-க்கான ‘மீடியா கிரியேஷன் டூல்’ எடுத்து ஓட்டுங்கள். மொழி, பென் டிரைவ் இரண்டையும் தேர்ந்தெடுத்தால் மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். வேறெங்கிருந்தும் விண்டோஸ் கோப்பை இறக்காதீர்கள். ‘எல்லா மென்பொருளும் சேர்த்தே போட்டது’ என்று பகிரப்படும் கோப்புகளில் கூடவே என்ன சேர்த்திருக்கிறார்கள் என்பது போட்டவருக்குத்தான் வெளிச்சம். வெளி டிஸ்க்கைச் செருகி வைத்துக்கொண்டு இந்தக் கருவியை ஓட்டாதீர்கள். பட்டியலில் தவறான டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்தால் இப்போதுதான் எடுத்த பேக்கப் போய்விடும்.

டிரைவர்களுக்கு வருவோம். புது விண்டோஸில் உங்கள் வைஃபை சிப்புக்கான டிரைவர் இல்லாமல் போகலாம். டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும். இந்த வட்டத்தில்தான் என் ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சுற்றினேன். உங்கள் மாடலின் ஆதரவுப் பக்கத்துக்குப் போய் வைஃபை, லேன், ஸ்டோரேஜ் டிரைவர்களை இரண்டாவது பென் டிரைவில் எடுத்து வையுங்கள். முடிந்தால் ஜிப்பாக வருவதை எடுத்து விரித்து வையுங்கள், இன்ஸ்டால் திரையில் டிரைவரைக் காட்டும்போது ஐஎன்எஃப் கோப்புகள் உள்ள கோப்புறைதான் வேண்டும். இஎக்ஸ்இ கோப்பு அந்த இடத்தில் பயன்படாது.

இன்னொரு வழியும் உண்டு, பிறகுதான் தெரிந்துகொண்டேன். பழைய விண்டோஸ் இருக்கும்போதே, சி டிரைவில் விண்டோஸ் கோப்புறை, அதற்குள் சிஸ்டம் 32, அதற்குள் டிரைவர் ஸ்டோர், அதற்குள் ஃபைல் ரெப்பாசிட்டரி. இந்தக் கடைசிக் கோப்புறையை அப்படியே நகலெடுங்கள். சில ஜிபி இருக்கும். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் டிரைவர்கள் எல்லாம் இதில் இருக்கின்றன. பின்னால் டிவைஸ் மேனேஜரில், மஞ்சள் குறி உள்ள (டிரைவர் கிடைக்காத) சாதனத்துக்கு இந்தக் கோப்புறையைக் காட்டினால் தனக்கு வேண்டியதைத் தானே தேடி எடுத்துக்கொள்ளும்.

6. பென் டிரைவிலிருந்து பூட் செய்வது

சார்ஜரைச் செருகுங்கள். வெளி டிஸ்க்கைக் கழற்றி வேறு அறையில் வையுங்கள், நிஜமாகவே சொல்கிறேன். டெஸ்க்டாப்பில் இரண்டாவது ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதன் கேபிளையும் கழற்றிவிடுங்கள். ஏனென்று அடுத்த பகுதியில் வரும்.

கணினியை அணைத்து, மறுபடி போட்டதும் பூட் மெனுவுக்கான விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல்லிலும் லெனோவோவிலும் பெரும்பாலும் எஃப் 12, எச்பியில் எஃப் 9, ஏசூஸ் மடிக்கணினிகளில் எஸ்கேப், எம்எஸ்ஐயில் எஃப் 11. மடிக்கணினிகளில் சில நேரம் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும். விசையைத் தட்டத் தவறி விண்டோஸ் ஓடிவிட்டால், ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுங்கள், வரும் நீலத் திரையில் ‘யூஸ் எ டிவைஸ்’ என்பதில் பென் டிரைவ் தெரியும்.

பூட் மெனுவில் ஒரே பென் டிரைவ் இரண்டு முறை தெரிந்தால் யூஇஎஃப்ஐ என்று முன்னொட்டு உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். மற்றதில் போனால், டிஸ்க்கைப் பிரிக்கும் பழைய முறை எம்பிஆர், புதிய முறை ஜிபிடி என்று பின்னால் ஒரு தகராறு வந்து நிற்கும். செக்யூர் பூட்டை அணைக்கத் தேவையில்லை, பழைய வழிகாட்டிகள் அப்படிச் சொன்னாலும்.

7. பார்ட்டிஷன் திரை: கையைக் கட்டிக்கொண்டு ஒரு நிமிடம் படியுங்கள்

மொழி, கீபோர்ட் எல்லாம் கேட்டு முடித்த பிறகு, ப்ராடக்ட் கீ கேட்டால் ‘என்னிடம் கீ இல்லை’ என்பதை அழுத்துங்கள். எடிஷன் கேட்டால் தாளில் எழுதியதைப் பாருங்கள். சில மடிக்கணினிகளில் எடிஷன் பயாஸிலேயே பதிந்திருப்பதால் கேட்காமலே தாண்டிப் போகும். புதிய பதிப்பில், கோப்புகள், செயலிகள், அமைப்புகள் எல்லாம் அழியும் என்று சம்மதம் கேட்கும் கட்டம் ஒன்றும் வரும். அதில் டிக் போட்டதும் அழிந்துவிடாது, இன்னும் நேரமிருக்கிறது.

அடுத்து வரும் டிஸ்க் பட்டியல்தான் முக்கியம். இங்கே சி, டி என்ற எழுத்துகள் தெரியாது. டிஸ்க் 0, பார்ட்டிஷன் 1, பார்ட்டிஷன் 2 என்றுதான் இருக்கும் (பார்ட்டிஷன் என்பது டிஸ்க்கின் ஒரு பிரிவு). அளவை வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும். பென் டிரைவும் இந்தப் பட்டியலில் ஒரு டிஸ்க்காகத் தெரியும். அதனால் பழைய விண்டோஸில் இருக்கும்போதே டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையை போனில் படமெடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

சுமார் 100 எம்பி உள்ளது பூட் பார்ட்டிஷன், 16 எம்பி உள்ளது விண்டோஸ் தனக்காக ஒதுக்கியது, பெரியது சி, பல நூறு எம்பி உள்ளது மீட்புக்கானது. டிஸ்க் முழுவதையும் சுத்தம் செய்வதானால் அந்த டிஸ்க்கில் உள்ள எல்லாப் பார்ட்டிஷன்களையும் ஒவ்வொன்றாக டெலீட் செய்து, ஒதுக்கப்படாத ஒரே இடமாக ஆனதும் அதைத் தேர்ந்தெடுத்து நெக்ஸ்ட் அழுத்துங்கள். தேவையானவற்றை அதுவே உருவாக்கிக்கொள்ளும். நீங்களாகப் பார்ட்டிஷன் பிரித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

டி டிரைவ் அதே டிஸ்க்கில் இருந்து, அதை வைத்துக்கொள்ள விரும்பினால், அதை மட்டும் தொடாமல் மற்றவற்றை அழியுங்கள். ஆனாலும் டி-யின் பேக்கப் வெளியே இருக்க வேண்டும். ஒரு வரி தள்ளி அழுத்துவதற்கு ஒரு நொடி போதும். 10, 20 ஜிபி அளவில் மடிக்கணினி நிறுவனத்தின் மீட்புப் பார்ட்டிஷன் இருக்கலாம். அதை அழித்தால் கடையில் வாங்கிய நாளின் நிலைக்குத் திரும்பும் வசதி போகும். எனக்கு அது தேவைப்படவில்லை, அழித்தேன்.

இரண்டு டிஸ்க் உள்ளவர்களுக்கு வரும் பொறி இது: விண்டோஸை எஸ்எஸ்டியில் போடச் சொன்னாலும், மற்ற டிஸ்க்கில் ஏற்கெனவே ஒரு பூட் பார்ட்டிஷன் இருந்தால், பூட் கோப்புகளை விண்டோஸ் அங்கேயே வைத்துவிடலாம். எல்லாம் நன்றாக ஓடும். ஒரு வருடம் கழித்துப் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றும் நாளில் கணினி பூட் ஆகாது. கேபிளைக் கழற்றச் சொன்னது இதற்காகத்தான்.

பட்டியலில் டிஸ்க்கே தெரியவில்லையா? எஸ்எஸ்டி கெட்டுவிட்டது என்று பயப்படாதீர்கள். இன்டெல் 11-ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தியதும் உள்ள பல மடிக்கணினிகளில், டிஸ்க்கை நிர்வகிக்கும் விஎம்டி என்ற இன்டெல் அமைப்பு இயங்கிக்கொண்டிருக்கும். அதற்கான ஸ்டோரேஜ் டிரைவரை ‘லோட் டிரைவர்’ மூலம் பென் டிரைவிலிருந்து காட்டினால் டிஸ்க் தெரிய வரும். பயாஸில் விஎம்டியை அணைத்தாலும் தெரியும், ஆனால் அணைத்த பிறகு பழைய விண்டோஸ் பூட் ஆகாமல் போகலாம். பேக்கப் முழுதாக முடியும் வரை அந்த அமைப்பைத் தொடாதீர்கள்.

8. முதல் ரீஸ்டார்ட்டும் நெட்வொர்க் திரையும்

நெக்ஸ்ட் அழுத்தியாயிற்று. இனி கணினி சில முறை தானாக ரீஸ்டார்ட் ஆகும். முதல் ரீஸ்டார்ட்டுக்குப் பின் மறுபடி மொழி கேட்கும் திரையே வந்தால் பதற வேண்டாம், பென் டிரைவிலிருந்து திரும்பவும் பூட் ஆகியிருக்கிறது. பென் டிரைவை உருவிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். இது புரியாமல் நான் ஒரு முறை எல்லாவற்றையும் அழித்து இரண்டாவது தடவை போட்டேன்.

பிறகு நெட்வொர்க்கில் இணையச் சொல்லும். ஹோம் எடிஷனில் இணையமும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் இல்லாமல் இந்தத் திரையைத் தாண்ட விடாது. வைஃபை பட்டியல் காலியாக இருந்தால், ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து, போனில் யூஎஸ்பி டெதரிங்கை (போனின் இணையத்தைக் கணினிக்குக் கொடுக்கும் வசதியை) இயக்குங்கள். பெரும்பாலும் எந்த டிரைவரும் கேட்காமல் லேன் கேபிள் மாதிரியே வேலை செய்யும். புதிய பதிப்புகளில் இதே திரையில் டிரைவர் போடும் பொத்தானும் இருக்கிறது. எனக்கு டெதரிங் யோசனை வந்தது ஞாயிறு இரவு பத்து மணிக்கு.

அடுத்து கணக்கின் பாஸ்வேர்ட். தாளைப் பாருங்கள். பழைய கணினியின் அமைப்பை மீட்கவா என்று கேட்டால், சுத்தமாகத் தொடங்க வேண்டும் என்பவர்கள் ‘புதிய கணினியாக அமை’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். விளம்பரம், இருப்பிடம், பயன்பாட்டுத் தகவல் பற்றிய கேள்விகள் வரிசையாக வரும். நான் எல்லாவற்றையும் அணைத்தேன்.

9. உள்ளே போனதும்

மென்பொருள்களை உடனே போடத் தொடங்காதீர்கள். முதலில் விண்டோஸ் அப்டேட். புதிதாக ஒன்றும் இல்லை என்று சொல்லும் வரை, ரீஸ்டார்ட் செய்து செய்து ஓட்டுங்கள். அதன் மேம்பட்ட பகுதியில் விருப்ப அப்டேட்டுகள் என்று தனியாக இருக்கும், விட்டுப்போன டிரைவர்கள் பலவும் அங்கே கிடைக்கும். பிறகு டிவைஸ் மேனேஜரைத் திறந்து மஞ்சள் குறி ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். கிராஃபிக்ஸ் டிரைவரை மட்டும் அந்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே எடுப்பது என் வழக்கம்.

செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைப் பாருங்கள். ஆக்டிவேட் ஆகவில்லை என்றால் இணையத்தில் இணைத்து ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள். பிறகும் இல்லையென்றால் எடிஷன் மாறியிருக்கும், அல்லது மதர்போர்ட் மாற்றியிருப்பீர்கள். அதே பக்கத்தில் டிரபுள்ஷூட் இருக்கிறது.

புது விண்டோஸ் டிஸ்க்கை மறுபடி பூட்டியிருக்கும், விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து பெரும்பாலான கணினிகளில் இது தானாகவே நடக்கிறது. பழைய மீட்புச் சாவி இனி இந்த டிஸ்க்குக்குச் செல்லாது. புதியதை எடுத்துத் தாளில் எழுதி, பழையதை அடித்துவிடுங்கள். டி டிரைவை வைத்துக்கொண்டவர்கள் மட்டும் அதன் சாவியை அடிக்காதீர்கள்.

தமிழில் தட்டச்சு செய்ய, மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் தமிழ் 99, அஞ்சல் இரண்டு விசைப்பலகைகளும் விண்டோஸிலேயே இருக்கின்றன. தனி மென்பொருள் தேட வேண்டாம்.

கோப்புகளை வெளி டிஸ்க்கிலிருந்து மொத்தமாக இழுத்துப் போடாமல், தேவைப்படும் கோப்புறைகளை மட்டும் கொண்டுவாருங்கள். ஆப்டேட்டாவை முழுதாகத் திருப்பி ஒட்டவே ஒட்டாதீர்கள், பழைய குப்பை எல்லாம் கூடவே வரும், சில மென்பொருள்கள் திறக்கவும் மறுக்கும். எந்த மென்பொருளின் அமைப்பு வேண்டுமோ அதன் கோப்புறையை மட்டும், அந்த மென்பொருளைப் போட்ட பிறகு, அது மூடியிருக்கும்போது நகலெடுங்கள்.

வெளி டிஸ்க்கில் உள்ள பேக்கப்பை ஒரு மாதமாவது அப்படியே விட்டு வையுங்கள். எனக்கு மூன்றாவது வாரத்தில்தான் ஒரு பழைய விலைப்பட்டியல் கோப்பு ஞாபகத்துக்கு வந்தது. ஆப்டேட்டாவுக்குள் நாலு கோப்புறை தள்ளிக் கிடந்தது.